மெஷினில் காத்திருந்த கல்லீரல்

மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவரின் கல்லீரல். என் கணவருக்கு வந்திருக்க வேண்டியது. பட்டியலில் அவர் பெயர்தான் முதலில். காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரியிலிருந்து சென்னைக்குக் காரில் பறந்தோம். சிதம்பரத்துக்கு முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது, ரோட்டில் மரம் வேறு விழுந்து கிடந்தது. ஐஸ் பெட்டியில் இருந்த ஈரல் அதற்குமேல் தாங்காது என்று இன்னொருவருக்கு வைத்துவிட்டார்கள். முதல் ஆள் வர முடியாமல் போனால் என்ன செய்வது என்று, இரண்டாவதாக ஒருவரையும் பட்டினியோடு வரச்சொல்லி உட்கார வைத்திருப்பார்கள். அவர் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவிலாம். நடந்தே வந்தாராம்!

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நல்லா இருக்கட்டும்மா" என்றேன். எனக்கோ வயிறு பற்றி எரிந்தது. என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனவள் சும்மா இருந்தாளா? அடிக்கடி கூப்பிடுவாள். "அக்கா, இன்னைக்கு மூணு இட்லி சாப்பிட்டாருக்கா!" என் வீட்டில் அரை இட்லி இறங்கவில்லை. கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு குடம் மாதிரி. அந்த மூன்று இட்லியும் எங்களுடையவை என்று நினைத்தேன். பொறாமைதான், வேறென்ன? அந்த மனுஷன் நன்றாக இருக்கக் கூடாது என்றுகூட ஒருநாள் நினைத்தேன், பாவி.

இரண்டாவது அழைப்பு ஒரு காலையில் வந்தது. "அவசரப்படாம வாங்கம்மா, லிவர் மெஷின்ல இருக்கு" என்றாள் ஆஸ்பத்திரிப் பெண். ஐஸ் இல்லையாம். உடம்புச் சூட்டிலேயே வைத்துக் குழாய் வழியாக ரத்தம் ஓட்டுவார்களாம். பித்தம்கூடச் சுரக்குமாம். என் கணவரின் ஈரல் உள்ளே இருந்து செய்யாத வேலையை அது வெளியே இருந்து செய்கிறது! அதன்மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

அன்றைக்கும் வழியில் தாமதம்தான். போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. அவரை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் ஒரு பெண், பக்கத்தில் கண் மஞ்சளித்த கணவர், காலடியில் துணிப்பை. கேட்காமலே புரிந்தது, இவர்தான் இரண்டாவது ஆள்.

"எங்கேருந்துக்கா வர்றீங்க?"

"காரைக்கால்மா."

"அவ்வளவு தூரமா? ஐஸ்ல வச்சிருந்தா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். என் நம்பரை வாங்கிக்கொண்டு பையை எடுத்தாள். "நல்லா இருக்கட்டும்க்கா."

அதைச் சொன்னவள்தானே நானும். உள்ளே என்ன எரியும் என்று எனக்குத் தெரியாதா?

முந்தாநாள் கூப்பிட்டாள். அவள் கணவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. "சார் நல்லா சாப்பிடுறாராக்கா?"

"ஏதோ கொஞ்சம்மா" என்றேன்.

எதிரே என் கணவர் நாலாவது இட்லிக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.