மாமா வராத கல்யாணம்

என் அப்பாவை நான் வேவு பார்க்கத் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. சித்தியின் கல்யாணத்துக்காக நாக்பூரிலிருந்து திருவனந்தபுரம் வந்திருந்தோம். தம்பானூரில் ரயிலைவிட்டு இறங்கி, இரண்டு ஆட்டோக்களில் பெட்டிகளையும் எங்களையும் திணித்துக்கொண்டு கரமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ நிற்பதற்கு முன்பே அம்மா காலைத் தரையில் வைத்துவிட்டாள். நாக்பூரில் எந்நேரமும் தலைவலி என்று படுத்திருக்கும் அம்மா, பிறந்த தெருவைப் பார்த்ததும் குரல் மாறி, பந்தல்காரரை மலையாளத்திலும் எங்களைத் தமிழிலும் அதட்ட ஆரம்பித்தாள்.

அந்த வீட்டில் பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் மாமா, அடுத்தது அம்மா, கடைசி சித்தி. பெற்றவர்கள் இருவரும் இல்லை. மாமா மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தார். தங்கைகளுக்கு ஆகட்டும் என்று சொல்லிச் சொல்லி, நாற்பத்தைந்து வயதாகியும் அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சித்திக்கு முப்பத்துநாலு. அவளுக்கு ஏற்கெனவே ஒரு முறை நிச்சயமாகி, முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது தாத்தா தவறிப்போய், எல்லாம் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை வீட்டார் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வரனைத் தேடிக் கொண்டுவந்தது அப்பா. மாப்பிள்ளைக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை, அதிகம் பேசாத மனிதர்.

கல்யாணத்தில் ஹோமம் வளர்க்கும்போது பெண்ணின் கையில் பொரியை அள்ளிப் போட வேண்டியவன் அவளுடைய அண்ணன். மாமா அதற்கு வீடியோ காலில் ஒத்திகை வேறு பார்த்தார். மஸ்கட்டில் தன் அறைக்கட்டிலில் உட்கார்ந்து, பொரிக்குப் பதிலாக எடுத்த அரிசியில் பாதியைக் கீழே சிந்தியபடி, போன் கேமராவை நோக்கி இரண்டு கைகளாலும் அள்ளிப் போட்டார். இது ஹோமத்துக்குத்தான், ஊருக்கே சமைப்பதற்கில்லை என்று சித்தி கேலி செய்தாள். வெள்ளிக்கிழமை முகூர்த்தம், வியாழக்கிழமை காலை மாமா வந்து இறங்குவதாக ஏற்பாடு.

புதன்கிழமை மத்தியானம் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். மாமாவின் லீவை ரத்து செய்துவிட்டார்கள், அவர் வரமாட்டார் என்று சொன்னார். அம்மா அந்தக் கம்பெனியை இரண்டு பாஷைகளிலும் திட்டினாள். சமையலறை வாசலில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் பூக்காரி வந்ததால் எழுந்து போனாள். மாமாவுக்கு அவள் போட்ட போன் கிடைக்கவில்லை. பாலைவனத்துக்கு நடுவே எங்கோ வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள், அங்கே சிக்னல் கிடையாது என்றார் அப்பா. அன்று சாயங்காலமே, கல்யாண மண்டபங்களில் போன் திருட்டு அதிகம் என்று சொல்லி, அம்மாவின் போனையும் சித்தியின் போனையும் வாங்கித் தன் பையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. நாங்கள் மண்டபத்துக்குப் போவது மறுநாள் சாயங்காலம். திருடன் எதற்கு புதன்கிழமையே வரப்போகிறான்? அது மட்டுமல்ல. தீபாவளிக்கு முன்னால் அப்பாவுக்கும் மாமாவுக்கும் போனில் வாக்குவாதம் நடந்தது எனக்குத் தெரியும். இந்த வரனைப் பற்றி இன்னும் நன்றாக விசாரிக்கலாம், அவசரம் வேண்டாம் என்று மாமா சொல்ல, இதற்கு மேல் எத்தனை வருஷம் விசாரிப்பது என்று அப்பா கத்தினார். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் அப்பா ஏதோ செய்கிறார் என்று முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு அவர் பின்னாலேயே திரிந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம், எல்லோரும் மண்டபத்துக்குப் புறப்படத் தயாராகும் சந்தடியில், அப்பா கொல்லைப்புற வழியாக ஆற்றுக்கு இறங்கினார். நான் தென்னைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். படித்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்து யாரிடமோ மலையாளத்தில் பேசினார். லீவுக்கு லீவு வந்து நான் கற்றுக்கொண்ட மலையாளம் அதைப் புரிந்துகொள்ளப் போதும்.

“இப்போ அயக்கண்டா, சாரே. கல்யாணம் கழியட்டே. ஞாயறாழ்ச மதி.”

இப்போது அனுப்ப வேண்டாம், கல்யாணம் முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை போதும். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மாமா வரத் தயாராக இருக்கிறார், அப்பாதான் கம்பெனிக்காரரிடம் சொல்லித் தடுக்கிறார். பேசி முடித்ததும் அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். குற்றம் செய்தவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. சொன்னால் மண்டபத்திலேயே சண்டை மூளும். ஆனால் வெள்ளிக்கிழமை காலை அப்பா நடந்துகொண்டதைப் பார்த்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. வாசலில் சந்தனம் நீட்டியவர்களிடம் கையை நீட்டாமல் நகர்ந்தார். அட்சதைத் தட்டு வந்தபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மேடைப்பக்கம் வரவே இல்லை. செருப்பு விடும் இடத்தில் தூணோரமாக, அழைக்காமல் வந்த விருந்தாளி மாதிரி நின்றார். தான் பார்த்து முடித்த கல்யாணத்தையே தொட மாட்டேன் என்கிற மனிதர் மீது யாருக்குத்தான் சந்தேகம் வராது?

சித்தியின் அறைக்குப் போனேன். ஒன்பது கஜப் புடவை கட்டிவிட்ட மாமிகள் நகைப்பெட்டியை எடுக்கப் போயிருந்தார்கள். கண்ணாடி முன்னால் சித்தி தனியாக இருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு, மாமாவை வர வேண்டாம் என்று சொன்னது அப்பாதான் என்றேன். சித்தி சிரித்தாள். ஆற்றங்கரையில் கேட்டதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

“மலையாளத்திலயா பேசினார்? என்ன வார்த்தை சொன்னார், சரியாச் சொல்லு. ‘வரண்டா’ன்னாரா?”

“இல்லை சித்தி. ‘அயக்கண்டா’ன்னார். ஞாயத்துக்கிழமை போதும்னார்.”

“மாமாகிட்டயா பேசினார்?”

“சாரேன்னு கூப்பிட்டார்.”

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தாள். வெளியே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது. மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கைக்குட்டையை நனைத்து, கண்ணில் தீட்டியிருந்த மையை முழுவதும் துடைத்து எடுத்தாள். எரிகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். வளையல் போட்ட கையால் என் மோவாயைப் பிடித்தாள்.

“நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை. நான் ஒண்ணும் கேக்கலை. அம்மாகிட்ட மிண்டப்படாது, வாயே திறக்கப்படாது, கேட்டியா?”

மாமிகள் நகைகளோடு உள்ளே வந்தார்கள். மை எங்கே என்று அவர்கள் அதட்ட, அது ஒத்துக்கொள்ளவில்லை என்று சித்தி சொல்லிவிட்டாள்.

சித்தி அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்பாள், மாமாவுக்குப் போன் போகும், கடைசி நேரத்தில் அவர் வாசலில் வந்து நிற்பார் என்றெல்லாம் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சின்னத் தாத்தா கன்னிகாதானம் செய்து கொடுத்தார். தாலி ஏறியது. அம்மா பட்டுப்புடவையில் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள், போட்டோக்காரர் சொன்ன இடத்திலெல்லாம் நின்றாள். ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் பொரியை அள்ளிச் சித்தியின் கையில் போட்டான். அப்போது அவளுக்குக் கண்ணீர் தாரையாக வழிந்தது. ஹோமப்புகை, பாவம் என்று பக்கத்திலிருந்த மாமி விசிறிவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை காலை சித்தியும் அவள் கணவரும் மறுவீட்டுக்கு வந்தார்கள். வந்த ஜனமெல்லாம் கலைந்து, நாங்களும் அம்மாவின் சித்தி முதலான நெருங்கிய சிலரும் மட்டுமே மிஞ்சியிருந்தோம். அப்பா அம்மாவைக் கூடத்துக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். புதன்கிழமை விடிகாலை மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு. ஊருக்குப் புறப்படக் கட்டிய பெட்டி கட்டிலருகே அப்படியே இருந்ததாம். உடலை நாளைக்கு விமானத்தில் கொண்டுவருகிறார்கள்.

அம்மாவுக்கு முதலில் அழுகை வரவில்லை. எழுந்து போய் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா அங்கே கிடந்தான். நான் இங்கே பட்டுப்புடவை கட்டிண்டு சிரிச்சுண்டு நின்னேன். நிக்க வெச்சேளே.”

அப்பா சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. காதில் விழாதவரை தீட்டு இல்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டில் தெரிந்தால் இன்னொரு முறையும் கல்யாணம் நின்றிருக்கும். அதனால் தெரிந்த ஒரே ஆளாகத் தான் மட்டும் இருந்துகொண்டு, மங்கலப் பொருள் எதையும் தொடாமல் மூன்று நாள் விலகி நின்றிருக்கிறார். இதையெல்லாம் நான் தெரிந்துகொள்ளப் பல வருஷங்கள் ஆயின. அப்பா ஒரே ஆள் இல்லை, வெள்ளிக்கிழமை காலையிலிருந்து இரண்டு பேர் என்பது இன்றுவரை அவருக்கே தெரியாது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் சந்தேகப்பட்டது சரி என்பதுதான். மாமாவை வரவிடாமல் தள்ளிவைத்தது அப்பாதான். ஆற்றங்கரையில் என் காதால் கேட்டிருக்கிறேன். இப்போது எல்லோரும் அவரைக் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவை அவளுடைய சித்தியும் மற்றவர்களும் அறைக்குள் அழைத்துப் போனார்கள். கூடத்தில் அப்பா மட்டும் நின்றார். என் சித்தி அழுதபடியே அடுக்களைக்குள் போய், ஒரு நறுக்கு இலையை எடுத்துவந்து தரையில் போட்டாள்.

“அத்திம்பேர், உக்காருங்கோ. நேத்திக்கும் சாப்பிடலை, முந்தாநாளும் சாப்பிடலை. நான் பார்த்துண்டுதான் இருந்தேன்.”

அப்பா அவளை நிமிர்ந்து பார்க்காமல் இலை முன்னால் உட்கார்ந்தார். அவள் சாதத்தைப் போட்டு மோரை ஊற்றினாள். அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவரும்படி என்னிடம் சொன்னாள். கொண்டுவந்து, அவர் கைக்கு எட்டாத இடத்தில் டம்ளரை நங்கென்று வைத்தேன். அப்பா மேல் இருந்த கோபத்தைவிட அப்போது எனக்குச் சித்தி மேல்தான் கோபம் அதிகம். எல்லாவற்றையும் அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அப்படியும் அவள் அப்பா கட்சியில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.