ஹபரணைச் சந்தியில் நான் நிற்கவில்லை

ரமணன் செத்ததற்குக் காரணம் நான். ஹபரணைச் சந்தியில் அவனுக்காக நின்றிருக்க வேண்டியவன், நிற்காமல் போய்விட்டேன். போனதோடு விட்டேனா? பழியையும் அவன் தலையிலேயே போட்டேன். மூன்று வருடங்களாக வெள்ளவத்தையில் அவன் வீட்டார் அந்தப் பொய்யைத்தான் நம்புகிறார்கள்.

நான் அதே நகரின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில் இருப்பவன். லீவு கிடைத்தால் இருவரும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். எங்களுக்குள் ஒரேயொரு சட்டம். வழி மாறினால், முன்னால் போகிறவன் சந்தியில் நின்று, பின்னால் வருகிறவனைக் கண்ட பிறகே திரும்ப வேண்டும். சந்தியில் ஆள் இல்லையென்றால் முதலில் பேசிவைத்த வழிதான் என்று அர்த்தம். சட்டம் போட்டவனே நான்தான்... கேட்டுக்கொள்ளுங்கள்!

அன்று மட்டக்களப்புக்குப் புறப்பட்டோம். தம்புள்ளையில் தேநீர் குடிக்கும்போதே, புயல் கிழக்குக் கரையை நெருங்குகிறது என்று செய்தி வந்தது.

“ஹபரணை மட்டும் போய்ப் பார்ப்பம் மச்சான். மோசமெண்டா திரும்புவம்” என்றான் ரமணன்.

இப்படிச் சொன்னவனையா நான் பிறகு பிடிவாதக்காரன் ஆக்கினேன்?

அவன் பெற்றோல் அடிக்க நின்றான். நான் முன்னால் போனேன். ஹபரணையில் காற்று வண்டியையே தள்ளியது. வலப்பக்கம் மட்டக்களப்பு வீதி. இடப்பக்கம் திரும்பினால் புயலுக்கு முதுகைக் காட்டியபடியே அநுராதபுரம், புத்தளம், வீடு. அவனுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. பத்து நிமிடம் நின்றால் வந்திருப்பான். எனக்குப் பக்கத்திலேயே ஒரு கிளை முறிந்து விழுந்தது. பயம்... வெறும் பயம்! போனைப் பொலித்தீனில் சுற்றிப் பைக்குள் போட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பினேன்.

புத்தளத்தில் எடுத்துப் பார்த்தால் அவனுடைய அழைப்புகள் இரண்டு. திருப்பி அழைத்தேன். மணியே அடிக்கவில்லை.

சந்தியில் என்னைக் காணாததால் அவன் வலப்பக்கம் திரும்பியிருக்கிறான். வேறென்ன செய்வான்? மட்டக்களப்பு வீதியில் ஆறு பெருகிப் பாய்ந்த இடத்தில், வெள்ளம் வடிந்த பிறகுதான் உடலைக் கண்டெடுத்தார்கள்.

அடையாளம் காட்டப் போனபோது, ஆற்றோரம் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் என்னிடம் சொன்னார்: “தண்ணி ரோட்டுக்கு மேலால பாஞ்சிச்சு. போகாதீங்க தம்பி எண்டு எவ்வளவோ சொன்னன். என்ட கூட்டாளி முன்னுக்குப் போயிட்டான், தனிய நிப்பான் எண்டு சொல்லிட்டுப் போனார்.”

என்னைத் தேடிப் போயிருக்கிறான்... ஐயோ!

செத்த வீட்டில் அவன் மனைவி சாந்தினி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “நீங்கள் திரும்பினனீங்கள்தானே அண்ணா? அவரை ஏன் விட்டனீங்கள்?”

“எவ்வளவோ சொன்னனான். கேக்கேல்லை” என்றேன். நாக்கூசாமல் சொன்னேன்!

போன கிழமை அவனுடைய திவசம். மகள் அபிராமிக்கு இப்போது பதினாறு வயது. அப்பாவின் படத்துக்குப் பூ வைக்கமாட்டேன் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூப்பிடப் போனவன் நான்தான்.

“புயலுக்குள்ள போகேக்க எங்களை நினைச்சவரா? நீங்கள் சொல்லியும் கேக்காமல்தானே போனவர், மாமா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள். குரல் அப்படியே அவனுடையது.

இப்போதாவது இவன் வாய் திறப்பான் என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கதவில் கை வைத்தபடி நின்றேன். பின்னால் சாந்தினி எனக்கென்று இலை போட்டு, சோற்றோடு காத்திருந்தாள்.

“ஓம், பிள்ளை” என்றேன்.

பிறகு போய் உட்கார்ந்து, சாப்பிட்டேன்.