பேக் தூக்கிவிட்டு ஆடப் போனவள்

கொரோனாவுக்காக எம்.சி.ஓ. போட்டு எல்லாரும் வீட்டுக்குள்ளேயே கிடந்தோமே, அது முடிந்து எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு மறுபடியும் தீ மிதித்த வருஷம்தான் இது நடந்தது. அந்தத் தீமிதிக்குக் கூட்டம் கம்மி. பாதிப் பேர் ரவாங், புக்கிட் செந்தோசா என்று குடிபோய்விட்டார்கள். வந்தவர்களில் சிலர் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே பூக்குழியில் இறங்கினார்கள். நெருப்புக்குப் பயமில்லை, இருமலுக்குப் பயம். சரி தம்பி, அது கிடக்கட்டும்.

அதற்கு அடுத்த வாரம்தான் கோல்ஃப் திடலுக்கு அந்தப் பிசியோ பெண் வந்தாள். எங்கள் செம்பனைத் தோட்டத்தில் பாதியை வாங்கித்தான் அந்தத் திடலைப் போட்டார்கள். மிச்சம் இருந்த எங்களில் சில பேரை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். நான் புல் வெட்டுகிறேன். என் மகள் கேடி. ஆடுகிறவர்களுடைய மட்டைகள் இருக்கிற பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடக்கிற வேலை.

பிசியோ நம் தமிழ்ப் பெண்தான். டாக்டரம்மா என்று கூப்பிட்டால், "ஐயோ அங்கிள், நான் டாக்டர் இல்ல, பிசியோ" என்று சிரிப்பாள். சனிக்கிழமை காலையில் மெம்பர்களைப் புல்லில் நிற்க வைத்து இடுப்பைத் திருப்பச் சொல்லுவாள், தோளைச் சுழற்றச் சொல்லுவாள், ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுக்கச் சொல்லுவாள். உடம்பு சூடாகாமல் பந்தை அடித்தால் முதுகு போய்விடும் என்பாள்.

நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். நாங்கள் நீளக் கம்பில் அரிவாளைக் கட்டிக்கொண்டு, நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக் குலை வெட்டினோம். கழுத்து பிடித்துக்கொண்டால் தோட்டத்து டிரெஸ்ஸர் ஒரு வெள்ளை மாத்திரை கொடுப்பார். வயிற்றுவலிக்கும் அதே மாத்திரைதான். குனிந்து நிமிர ஒரு ஆள் சொல்லிக்கொடுத்தது கிடையாது. விளையாடுகிறவன் உடம்புக்குத்தான் காவல் உண்டு.

என் மகளும் ஆடுவாள். திங்கட்கிழமை திடலை மூடிவிட்டுப் புல் வெட்டுவோம். அன்றைக்கு மட்டும் கேடிகள் ஆடலாம். எங்கள் இயந்திரம் வந்து சேருவதற்குள் ஆடி முடிக்க வேண்டும். அதனால் வந்த உடனே அடிப்பார்கள். கேடிகளுக்கு அப்படித்தான் பழக்கம். அவள் அடித்தால் பந்து வாய்க்காலைத் தாண்டிப் போகும். பிசியோ ஒருநாள் நின்று பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, பேக்க எப்பவும் வலது தோள்லயேதான் மாட்டுவீங்களா?"

"ஆமா மிஸ். இடதுல மாட்டுனா நடை வரமாட்டேங்குது."

"உங்க இடுப்பு சரியா திரும்ப மாட்டேங்குது. இடுப்பு செய்ய வேண்டிய வேலைய முதுகு செய்யுது. கீழ் முதுகு வலிக்குதா?"

"கொஞ்சம்."

"ரெண்டு வாரம் பேக் தூக்காதீங்க. நான் சொல்ற எக்சசைஸ் மட்டும் பண்ணுங்க."

ஒரு ரப்பர் பட்டையும் கொடுத்தாள். என் மகள் அதை ஜன்னல் கம்பியில் கட்டி, தினமும் சோறு வேகிற நேரத்தில் இழுப்பாள். பேக் தூக்காமல் மட்டும் இருக்க முடியவில்லை. தூக்காவிட்டால் கேடி எதற்கு?

அப்போது பக்கத்துத் திடல் கேடிகளோடு ஒரு போட்டி வந்தது. எங்கள் கிளப் கேப்டன் ஒரு வக்கீல், அவரும் நம் ஆள்தான். ஜெயித்துக் கொடுத்தால் புதிதாக வருகிறவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற வேலையை அவளுக்குத் தருவதாகச் சொன்னார். பேக் தூக்க வேண்டாம். எனக்கு அது போதும் என்று இருந்தது.

போட்டி மத்தியானம். காலையில், கேடிகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற கேடி மாஸ்டர் எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"டத்தோ பட்டம் வாங்குன ஒரு பெரிய ஆள் வந்திருக்காரு. டாக்டர் அவர நடக்கச் சொல்லிருக்காராம், பக்கி வண்டி வேணாங்கறாரு. ஆள் இல்ல. நீ பேக்க தூக்கிட்டு வந்துரு லா. உன் ஆட்டம் மத்தியானந்தான?"

நான் அவளைப் பார்த்தேன். "முடியாதுன்னு சொல்லு."

"சொன்னா அந்த வேலைய குடுப்பாங்களாப்பா?"

போனாள். டத்தோ உடம்புக்கு நல்லது என்று நடந்தார். அவருடைய பேக் இவள் தோளில் நடந்தது. கடைசிக் குழியில் அவரை விட்டுவிட்டு ஓடிவந்தபோது இவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பிசியோ பார்த்தாள். கேப்டனும் பார்த்தார்.

"என்ன மிஸ், ஆடலாம்ல?"

பிசியோ என் மகளின் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். கேப்டன் விடவில்லை.

"ஒருநாள்தான லா. முதுகுல டேப்ப ஒட்டி வுடுங்க."

ஒட்டிவிட்டாள். ரெஸ்ட் வேண்டும் என்று சொன்ன அதே பெண்தான்.

நான் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது குழியில் ஓங்கி அடித்தவள், மட்டையைப் போட்டுவிட்டு அப்படியே முட்டி போட்டாள். நிமிர முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, முதுகு ஜவ்வு விலகியிருக்கிறது, இனிமேல் மட்டையும் வேண்டாம் பேக்கும் வேண்டாம் என்றார்கள். ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற வேலை வேறொரு பையனுக்குப் போனது. அவள் இப்போது ஒரு தையல் கடையில் சட்டைக்குப் பித்தான் தைக்கிறாள். நடுநடுவே எழுந்து சுவரில் சாய்ந்து நிற்கிறாள். அவள் பெற்ற குழந்தையைத் தூக்கக்கூட நான் வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் கிளப் மண்டபத்துக்கு வெளியே பூச்செடி வெட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே பிசியோ மெம்பர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"நம்ம கேடி ஒருத்தங்க வார்ம்-அப் பண்ணாம அடிச்சாங்க. என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். "இவங்களுக்கு சொன்னாலும் கேக்காது" என்றார் ஒருவர். ஒரே சிரிப்பு.

பேசி முடித்து அவள் வெளியே வந்ததும், பிசியோவின் கார் பக்கம் போய் நின்றேன். "காலையில முழுக்க பேக் தூக்குனாளே, அத ஏன்மா சொல்லல?"

"அங்கிள், கமிட்டி ஆளுங்க முன்னாடியே உக்காந்திருந்தாங்க. நான் எப்படி அத..."

"அவங்க இல்லாத எடத்துலயாவது சொல்லுவியா?"

கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது என்று வேலைக்காரர் ஒருவர் சொன்னார். கலங்கி என்ன பிரயோஜனம்?

இப்போது திடலுக்குப் புதிதாக வருகிற கேடிகளிடம்கூட அந்தக் கதையைத்தான் சொல்கிறார்களாம். சோம்பேறித்தனத்தால் முதுகை ஒடித்துக்கொண்டவள் என்று. என் மகள் காதிலும் விழுந்திருக்கிறது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். தம்பி, நீங்கள் நாலு இடத்துக்குப் போகிற ஆள். கோல்ஃப் திடல் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளைப் பார்த்தால் சொல்லுங்கள். தினமும் உடம்பைப் பழக்கினவள்தான் அவள், ஒரு பெரிய மனிதர் நடப்பதற்காகப் பேக்கைத் தூக்க வைத்து, மூச்சு விடக்கூட நேரம் கொடுக்காமல் ஆட விட்டார்கள் என்று சொல்லுங்கள். அவர்களையும் மற்றவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள்.