ஆயுதம்: சொம்பு

போன ஐப்பசியில், அடைமழை விடாமல் பிடித்திருந்த ஒரு நாள். காலை பத்து மணி இருக்கும். புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். அலாரம் மாட்டிய வீட்டிலோ கடையிலோ ஏதாவது நடந்தால் எங்கள் கம்ப்யூட்டரில் சிவப்பாக மின்னும். உடனே அங்கே போன் போட வேண்டும். எடுப்பவர் பாஸ்வேர்டு சொன்னால்தான் மேற்கொண்டு பேச்சு. சொல்லத் தடுமாறினால், பக்கத்தில் கத்தியோடு ஒருவன் நிற்கிறான் என்று எடுத்துக்கொண்டு போலீசுக்குச் சொல்ல வேண்டும். மூன்று வருடத்தில் நான் பிடித்த எதிரிகள்: இரண்டு எலி, ஒரு வௌவால், கடை ஷட்டரை முட்டிய ஒரு கோயில் காளை.

அன்றைக்கு மின்னியது ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு வீடு. சிங்கப்பூரில் இருக்கும் மகன் மாட்டிக் கொடுத்தது. யாரோ அவசரப் பொத்தானை அழுத்தியிருந்தார்கள். போன் போட்டேன். ஒரு அம்மா எடுத்தார்.

“தம்பி, சீக்கிரமா...”

“மொதல்ல பாஸ்வேர்டு சொல்லுங்கம்மா.”

“அத நான் எப்புடித் தம்பி சொல்லுறது?”

“சொன்னாத்தாம்மா பேச முடியும்.”

“என் வாயால சொல்ல மாட்டேன் தம்பி. வேற என்னமும் கேளுங்க.”

எனக்குப் புரிந்துவிட்டது. கத்திதான்! குரலைத் தாழ்த்திக்கொண்டேன். ஏன் தாழ்த்தினேன் என்று கேட்காதீர்கள். திருடன் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தான்.

“பயப்படாதீங்கம்மா. நீங்களா ஒண்ணும் பேச வேணாம். நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பக்கத்துல ஆள் இருக்கா?”

“இருக்காக.”

கழுத்தில் கத்தி இருந்தால் மரியாதை தானாக வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“எத்தனை பேரு?”

“ஒருத்தருதான்.”

“என்ன பண்றாப்ல?”

“அசையாம என்னையவே பாத்துக்கிட்டு இருக்காக.”

“கையில என்ன இருக்கு?”

“சொம்பு. தம்பி, இவுக வந்து...”

“உஷ்! வாயைத் தொறக்காதீங்கம்மா! லைன்லயே இருங்க.”

படிவத்தில் ‘ஆயுதம்’ என்ற கட்டத்தில் சொம்பு என்று எழுதினேன். எழுதும்போதே குழப்பம்தான். சொம்பை வைத்துக்கொண்டு என்ன கொள்ளை அடிக்க முடியும்? ஆனால் யோசிக்க எங்கே நேரம்? இன்னொரு போனை எடுத்துப் போலீசைக் கூப்பிட்டேன்.

“சார், உடனே வீட்டைச் சுத்தி வளைங்க!”

“எந்த வீட்டைங்க? காலையில பிரஷர் மாத்திரை போட்டீங்களா, இல்லையா?” என்றாள் என் மனைவி.

அடுத்த தடவை சரியாக ஸ்டேஷன் கிடைத்தது. ஜீப் புறப்பட்டது. ‘ஆள் பயங்கரமானவன், சத்தம் காட்டாமல் போங்கள்’ என்று நான் வேறு சொல்லி வைத்திருந்தேன். அதனால் தெருமுனையிலேயே ஜீப்பை நிறுத்திவிட்டு, கொட்டுகிற மழையில் மதிலோரமாகப் பதுங்கிப் பதுங்கிப் போயிருக்கிறார்கள். அதிலேயே பத்து நிமிடம் போய்விட்டது. பிறகு ஏட்டு என்னைக் கூப்பிட்டார்.

“யோவ், திருடன் எங்கய்யா? இங்க ஒரு பெரியவரு பாத்ரூம்ல வழுக்கி விழுந்து மண்டை ஒடஞ்சு கெடக்காரு. பேச்சு வரல. ஜீப்புலயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம்.”

சொம்புக்கு அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. விழுந்து கிடந்தவர் அந்த அம்மாவின் வீட்டுக்காரர். மகன் வைத்திருந்த பாஸ்வேர்டு, அப்பாவின் பெயர். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை வாயில் எடுக்காத மனுஷி, அவர் ரத்தம் ஒழுகக் கிடக்கும் நேரத்திலா எடுப்பார்?

என் கோமாளித்தனம் எல்லாம் அங்கேயே அடங்கிவிட்டது. வாய் திறக்க விட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே ஆம்புலன்ஸ் கிளம்பியிருக்கும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஏட்டுக்குப் போன் போட்டு, “பெரியவர் இருக்காரா சார்?” என்று கேட்டுக் கேட்டே அந்த மனிதரை ஒரு வழியாக்கினேன். மூன்றாம் நாள், பேச்சு வந்துவிட்டது என்றார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

“நான்தாங்க அன்னைக்குப் போன்ல...” என்று இழுத்தேன்.

தலையில் கட்டோடு படுத்திருந்த பெரியவர், “வாங்க தம்பி, வாங்க. என்னையச் சொம்புத் திருடனாக்குனது நீங்கதானா?” என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. “நீங்க கேக்கக் கேக்க, இந்தா ஆள் வந்துரும், இந்தா வந்துரும்னு நம்பித்தான் தம்பி ஒவ்வொண்ணுக்கா பதில் சொல்லிக்கிட்டே இருந்தேன்” என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இப்போதெல்லாம் சிவப்பு மின்னினால் முதலில் “என்னங்க ஆச்சு?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன், அந்த அம்மா இரண்டு தடவை சொல்ல வந்தும் நான் சொல்லவிடாத அந்த ஒரு வரி யாரிடமிருந்தாவது வரும் என்று.