வாளியில் வற்றிய தொட்டி

சூடேறும் புரொஜக்டரிலிருந்து ஒரு வாசனை வரும். வெந்த தூசியும் இளகும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. எங்கே அது மூக்கில் பட்டாலும் எனக்குள் ஒரு சனிக்கிழமைக் காலை திறந்துகொள்ளும். கிழக்குத் தாம்பரத்தில் தேவாலயத்தை ஒட்டிய கூடம். சுவரில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கிரேயானில் வரைந்த நோவாவின் பேழை. அதற்குக் கீழே மடிக்கணினிகளோடு இளசுகள். நடுமேசையில் என் நீல வாளி.

மாதம் ஒருமுறை அங்கே கூடுவோம். மென்பொருள் எழுதுகிறவர்கள், எழுதப் பழகுகிறவர்கள், வேலை தேடுகிறவர்கள். யாராவது ஒருவர் தான் செய்து பார்த்ததைப் பற்றிப் பேசுவார். பிறகு டீ, சமோசா, அரட்டை, நம்பர் வாங்கிக்கொள்ளல். எல்லாவற்றுக்கும் முன்னால் மைக் சுற்றி வரும். என்ன செய்கிறோம் என்று ஆளுக்கு ஒரு வரி சொல்லவேண்டும்.

அந்த ஒரு வரிதான் என்னிடம் இல்லை. பல வருஷம் டெஸ்டராக இருந்தேன், பிறர் எழுதிய மென்பொருளில் ஓட்டை தேடுகிற வேலை. ஆட்குறைப்பு என்று சொல்லிக் கம்பெனி அனுப்பிவிட்டது. அதற்குப் பின் மைக் வரும்போதெல்லாம் "சும்மா பாக்கலாம்னு வந்தேன்" என்று முணுமுணுத்துப் பக்கத்துக் கையில் திணித்துவிடுவேன்.

அன்று பேசப்போவதே நான்தான். அப்படியும் வாய் பழைய வரியைத்தான் சொன்னது. கூட்டத்தை நடத்துகிற இரும்புலியூர்ப் பெண் இடுப்பில் கைவைத்து முறைத்தாள்.

"இன்னாக்கா இது? பேசறவங்களே சும்மா வந்தா, நாங்க எல்லாம் சமோசாக்கா வந்தோம்?"

"ஆமா!" என்றது பின்வரிசை.

பெருங்களத்தூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சம்ப்புக்கு, அதாவது நிலத்தடித் தொட்டிக்கு, ஒரு மிதவையும் உள்ளங்கை அகல சர்க்யூட் போர்டும் பொருத்தியிருந்தேன். தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கினாலும் மறுபடி நிரம்பினாலும், குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவுக்குத் தானாகச் செய்தி போகும். அதே மாதிரி இன்னொன்றைச் செய்து, வாளியில் போட்டுக் காட்டுவதாகத் திட்டம். தேறினால் மைக்கில் சொல்ல எனக்கொரு வரி கிடைக்கும். தேறாவிட்டால் இனி இந்தக் கூடத்துப் படி ஏறுவதில்லை. வாளியைக் கட்டிக்கொண்டு மின்சார ரயிலில் வந்தபோது எனக்கு நானே போட்டுக்கொண்ட நிபந்தனை அது.

பேசினேன். முதலில் பேச்சு தடுக்கியது, பிறகு ஓடியது, பிறகு பறந்தது! கோடைத் தண்ணீரைப் பற்றி, லாரிக்குக் காத்திருக்கும் குடங்களைப் பற்றி. சோதனைக்கென்றே தொடங்கிய குழுவைத் திரையில் திறந்து வைத்துவிட்டு, வாளித் தண்ணீரைச் செம்பு செம்பாக மொண்டு பக்கத்துப் பாத்திரத்தில் ஊற்றினேன். மிதவை இறங்கியது. இறங்கி அடியில் உட்கார்ந்தது.

திரையில் ஒன்றும் வரவில்லை.

எல்லாக் கண்களும் வெற்றுத் திரையில். வயரை அழுத்திப் பார்த்தேன். அப்போது மேசைமேல் என் போன் அலறியது. அணைக்கப் போன விரல் பதறி, அழைப்பை எடுத்து ஸ்பீக்கரையும் தட்டிவிட்டது. மைக் பக்கத்திலேயே இருந்தது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கூடம் முழுக்க முழங்கினார்.

"மேடம், எங்கே இருக்கீங்க? சம்ப்பு காலியாம்! இப்பதான் குரூப்ல மெசேஜ் வந்துச்சு. ஆளாளுக்கு மோட்டார் போடு, அண்டாவ ரொப்புன்னு ஒரே ரகளை. நான் லாரிக்குச் சொல்லிட்டேன்!"

வீட்டுப் போர்டிலிருந்த நிரலை அப்படியே நகலெடுத்திருந்தேன். செய்தி எந்தக் குழுவுக்குப் போகவேண்டும் என்பதை மட்டும் மாற்ற மறந்திருந்தேன்.

பின்வரிசை முதலில் புரிந்துகொண்டது. "அக்கா! லைவ்லயே டெஸ்ட் பண்ணிட்டீங்களா!"

சிரிப்பு வெடித்தது. ஆட்கள் நிஜமாகப் பயன்படுத்தும் 'லைவ்' இடத்தில் சோதிக்காதே என்று ஆயுசு முழுக்க அடுத்தவர்களைத் திட்டியவள் நான். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சார், தொட்டில தண்ணி இருக்கு. காலியானது வாளி சார்."

"எந்த வாளி?"

பதில் சொல்வதற்குப் பதில் பாத்திரத்தைத் தூக்கி மொத்தத் தண்ணீரையும் வாளியில் கவிழ்த்தேன். மிதவை குதித்து எழுந்தது.

"மேடம்… ரொம்பிடுச்சுன்னு வருதே! லாரி இன்னும் தெருவுக்கே வரலையே!"

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. நோவாவின் பேழையே ஆடியதுபோல் இருந்தது எனக்கு. நடந்ததை விளக்கி, லாரியை வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அவர் நீளமாக மூச்சு விட்டு, "எப்படியோ மேடம், உங்க மிஷின் சொன்ன உடனே சொல்லிடுது. கெட்டிக்கார மிஷின்தான்" என்றார். அதற்கும் கைதட்டல்.

டீ வேளையில் என்னைச் சுற்றித்தான் கூட்டம். கூடுவாஞ்சேரியில் புது வீடு கட்டியவர் தன் மாடித் தொட்டிக்குக் கேட்டார். கோவளம் பக்கத்து மீனவர் குடும்பத்துப் பையன், ஆப் எழுதுகிறவன், சமோசாவோடு வந்தான்.

"அக்கா, எங்கப்பா ஐஸ் பொட்டில மீன் வெச்சிக்கினு யாவாரத்துக்குப் போறாரு. உள்ள ஐஸ் உருகிக்கினு கீதுன்னா போன்ல சொல்லுமா?"

"சொல்ல வைக்கலாம்."

"அப்ப நான் எழுதறேன், நீங்க ஓட்ட தேடுங்க. ஆனா ஒண்ணு, எங்கப்பாரு போனுக்கு மட்டும் டெஸ்ட் மெசேஜ் வாணாம்கா. நடுரோட்ல பொட்டியத் தொறந்துடுவாரு."

என் மனசு அப்போதே கடற்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது.

இரும்புலியூர்ப் பெண் பிளாட்பாரம் வரை என் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரயில் வந்தது. மகளிர் பெட்டியில் ஏறி வாளியை வாங்கிக்கொண்டேன்.

"அக்கா, அடுத்த வாட்டி மைக் வந்தா இன்னா சொல்வீங்க? சும்மா வந்தேன்னீங்கன்னா அந்த வாளித் தண்ணிய உங்க தலைல கவுத்துடுவேன்!"

ரயில் நகர்ந்தது. சக்கரச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"டெஸ்டர்! லைவ்லயே டெஸ்ட் பண்ற டெஸ்டர்னு சொல்றேன், போ!"