அக்கரையில் நின்ற படகு

ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் தங்கியிருந்த வீடு, ஏரிக்குக் கீழே, அதன் உபரிநீர்க் கால்வாயை ஒட்டிப் புதிதாகப் போட்ட ஒரு மனைப்பிரிவில் இருந்தது. கீழே வீட்டுக்காரக் குடும்பம், மொட்டை மாடியில் ஒற்றை அறையில் நான். வீட்டுக்கார அக்கா ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்தார். அவர் கணவர் லாரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துபோய், வாரம் இரண்டு தடவை காஞ்சிபுரம் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். நான் தென்காசிப் பக்கம். என் பேச்சைக் கேட்டாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். "இன்னொரு தபா சொல்லும்மா, 'வாரேன்'னு," என்பார்.

அந்த வருடம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அவர் டயாலிசிஸுக்குப் போகவேண்டிய நாளில் பஸ் ஓடவில்லை, ஆட்டோக்காரர்களும் வர மறுத்துவிட்டார்கள். மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் என் போன் சைரன் போல அலறியது. கீழே அக்காவின் போனும் சேர்ந்து அலறியது. அதி கனமழை, தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும் என்று அரசாங்கத்தின் எச்சரிக்கை. நான் படித்துச் சொல்லும்போதே தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஏரி நிரம்பி வழிந்துவிட்டது.

தண்ணீர் படியேறி வீட்டுக்குள் வந்தபோது நாங்கள் இருவரும் அவரைத் தாங்கிப் பிடித்து என் அறைக்குக் கூட்டிவந்தோம். முகம் வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். சாலையில் தண்ணீர் போகிறது, வண்டி வராது, கட்டுப்பாட்டு அறையில் சொல்லுங்கள் என்றார்கள். அங்கே லைன் கிடைக்கவேயில்லை. அப்புறம்தான் வாட்ஸ்அப்பில் உதவி கேட்கலாம் என்று கம்பெனி குரூப்பில் வந்த செய்தி ஞாபகம் வந்தது. 'வணக்கம்' என்று அனுப்பியதும் பதில் வந்தது. உணவு, குடிநீர், மின்சாரம், மீட்பு. எது வேண்டும் என்று கேட்டது. மீட்பைத் தொட்டேன். நோயாளி இருக்கிறாரா என்று கேட்டது. ஆம் என்றேன். இருக்கும் இடத்தை அனுப்பச் சொன்னது. அனுப்பினேன். உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது, குழு வருகிறது என்று ஒரு பதிவு எண்ணோடு பதில் வந்தது.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வராங்களாமா?"

"வாராங்கக்கா. படகு வருதாம்."

அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். "பரவால்லியே," என்றார் மூச்சு வாங்கியபடி. "கவர்மென்ட்டு கைக்குள்ளயே வந்துட்டுது."

படகு வந்தது உண்மை. மதியம் மழை சற்று விட்டபோது நான் அறைக்கு வெளியே நின்று பார்த்தேன். கால்வாய்க்கு அந்தப் பக்கம், கன்டெய்னர்கள் அடுக்கிய யார்டின் மதில் ஓரமாக, ஆரஞ்சு நிறச் சட்டை போட்டவர்கள் ரப்பர் படகில் இருந்தார்கள். அக்கா கொடியிலிருந்த புடவையை உருவி வீசினார். நான் கத்தினேன். தண்ணீர் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போது என் போன் அடித்தது. படகிலிருந்துதான்.

"யம்மா, லொகேஷனுக்கு வந்துட்டோம். நீங்க எங்க கீறீங்க?"

"இந்தப் பக்கம் சார், கால்வாய்க்கு இந்தப் பக்கம். மாடில புடவைய ஆட்டுதோம் பாருங்க."

"எனக்கு யார்டுதான் காட்டுது."

"நான் இருக்க எடத்தத்தான் சார் அனுப்பினேன்."

ஒரு ஆள் எழுந்து எங்கள் பக்கம் கையை உயர்த்திக் காட்டினார். அவர்தான் பேசியிருக்கவேண்டும். "பாத்துட்டேன்மா. ஆனா இந்தக் கால்வாயில இறங்க முடியாது. தண்ணி இழுத்துகினு போவுது, போட்டு கவுந்துடும். அந்தப் பக்கம் வேற டீமு. நீங்க இன்னொரு தபா போடுங்க."

"சார், அவரால மூச்சு விட முடியல சார்."

"நானும் மேல சொல்றேன்மா," என்றார். குரலில் பொய் இல்லை. படகு திரும்பி மதிலை ஒட்டியே போய் மறைந்தது.

மறுபடி அனுப்பப் போனேன். வரைபடத்தில் எங்கள் தெருவே இல்லை, வெறும் பச்சை. நீலப் புள்ளியை விரலால் நகர்த்தினால் அது மறுபடி யார்டுக்குள்ளேயே போய் நின்றது. அப்படியே அனுப்பிப் பார்த்தேன். உங்கள் கோரிக்கை ஏற்கெனவே செயல்பாட்டில் உள்ளது, காத்திருக்கவும் என்று வந்தது. பிறகு சிக்னல் போனது. அதற்குப் பிறகு சார்ஜும் போனது.

அக்கா ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் என்னைப் பார்த்து, "நீயி இன்னா பண்ணுவ," என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

அடுத்த நாள் காலை, சாலை வேலைக்கு வந்திருந்த ஜேசிபி ஒன்றை ஊர்க்காரர்கள் பிடித்துக் கொண்டுவந்தார்கள். மண் அள்ளும் வாளியில் பாயை விரித்து அவரை உட்காரவைத்தோம். அக்கா பக்கத்தில் ஏறிக்கொண்டார். சாலையில் ஆம்புலன்ஸ் நின்றது. காஞ்சிபுரம் போகிற வழியில், வாலாஜாபாத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

நிவாரணத்துக்குப் பதிய அக்காவை ஒரு பள்ளிக்கூட முகாமுக்கு அழைத்துப் போனேன். என் வயதுதான் இருக்கும், ஒரு பெண் கையில் டேப்லெட் கணினி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்கள் தூங்காமல் சிவந்திருந்தன. என் போன் நம்பரைப் போட்டுத் தேடினாள்.

"மீட்கப்பட்டார்னு காட்டுதே," என்றாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "டீம் போயிட்டு வந்தாலே அப்டித்தான் ஏறிடும்போல. மாத்தணும்னா மேலதான் மாத்தணும். எனக்கு ஆப்ஷன் இல்லக்கா."

அக்கா என் பின்னாலிருந்து திரையை எட்டிப் பார்த்தார். "அவரக் காப்பாத்திட்டாங்கன்னா எழுதிக் கீது?" என்று கேட்டார்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா கோபப்படவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது. விலகி வந்துவிட்டார்.

மாற்றச் சொல்லி அந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு நான் பல தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் நன்றி என்று பதில் வந்தது. ஒரு கட்டத்தில் அக்காவே, "வுட்டுடும்மா. மாத்தினா மட்டும் இன்னா," என்றார். நான் விட்டுவிட்டேன்.

கோடையில் குன்றத்தூரில் ஒரு விடுதிக்கு மாறினேன். சொல்லிக்கொள்ளக் கீழே போனபோது அக்கா கேன்டீன் வேலை முடிந்து வந்து, சீருடைகூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கறை அப்படியே இருந்தது.

"அங்க மேடாமே?" என்றார்.

"ஆமாக்கா. மேடுதான்."

"நல்லது. போ."

எழுந்து வாசல்வரை வரவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.