முப்பிடாதி கட்டிய கயிறு

சாரல் இறங்கிவிட்டால் குற்றாலத்துக்கு ஊர் ஊராகக் குளிக்க வருவார்கள். அவர்களுக்கு அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தவர் சங்கிலிப்பாண்டி. சின்ன வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டது. அவர் மனைவி முப்பிடாதியம்மாள். கண்ணில்லாதவனுக்கு வாழ்க்கைப்பட்டாளே என்று பரிதாபப்பட்டவர்களுக்கெல்லாம் அவளிடம் நல்ல வசவு கிடைத்திருக்கிறது, எனக்கும் சேர்த்து.

வீடு சிற்றாற்றை ஒட்டி இருந்தது. இங்கே வெயில் அடிக்கும்போதே மலையில் பெய்து வெள்ளம் வந்துவிடும். கண்ணுள்ளவன் மேட்டுக்கு ஓடுவான், இவர் எங்கே ஓடுவார்? ஊரில் ஒருத்தரும் அதை யோசிக்கவில்லை, அவள்தான் யோசித்தாள். வாசல் தூணிலிருந்து மேட்டுப் புளியமரம் வரை ஒரு தேங்காய் நார்க் கயிற்றை இழுத்துக் கட்டினாள். ஆனி பிறந்ததும் பழையதை அவிழ்த்துவிட்டுப் புதுக்கயிறு கட்டுவாள். முதலில் தன் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு அவளே பிடித்து நடந்து பார்ப்பாள். பிறகுதான் அவரை நடக்க விடுவாள். அந்தக் கயிற்றில் ஒரு கோவணம்கூடக் காயப்போட விடமாட்டாள்.

அதுவே வினையாயிற்று. யுத்தம் தொடங்குவதற்கு முந்தின சாரலில், தென்காசியிலிருந்து வந்து சத்திரத்தில் தங்கியிருந்த பிருஹதாம்பாள் அவளைத் தேடி வந்தாள். மறுநாள் மாமனார் திதி. மடியாகச் சமைக்க, பிறர் துணி படாத கொடியில் புடவை உலர வேண்டும். சத்திரத்துக் கொடிகளிலோ பல ஊர் வேட்டிகள். எவர் துணியும் படாத கயிறு குற்றாலத்திலேயே இது ஒன்றுதான்.

பித்ரு காரியம் என்றதும் முப்பிடாதிக்கு மறுக்க மனம் வரவில்லை. புளியமரத்துப் பக்கம் வெயில் இல்லை, ஆற்றோரத்து மருதமரத்தில் நன்றாக விழுந்தது. மேட்டு முனையை அவிழ்த்து மருதமரத்தில் கட்டினாள். சங்கிலிப்பாண்டி சாப்பிட்டுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தார். எழுவதற்குள் மாற்றிவிடலாம் என்று எழுப்பவில்லை. புடவை உலர்ந்து, அந்த அம்மாள் குச்சியால் எடுத்துக்கொண்டாள். அப்படியே சத்திரத்துக்குக் கொஞ்சம் விறகு கொண்டுவந்து போடச் சொன்னாள். போட்டுவிட்டு வந்து கட்டிக்கொள்ளலாம் என்று முப்பிடாதி போனாள்.

வெள்ளம் வந்துவிட்டது.

சங்கிலிப்பாண்டி ஜனங்களின் கத்தலில் எழுந்து, வாசலுக்கு வந்து கயிற்றைப் பிடித்தார். மேட்டில் நின்ற வண்டிக்காரன் காஜா பார்த்தான். நடுவே தண்ணீர் புரண்டது, இறங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, அந்தப் பக்கம் போவாதீய. அது ஆத்துப் பக்கம்."

"முப்பிடாதி கெட்டுன கயிறுலே இது. தப்பாப் போவாது."

கால் பள்ளத்தில் இறங்குவது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தன் காலைவிட அவளை நம்பினார் பாவி மனுஷன். கயிறு முடிந்த இடத்தில் மரத்தைத் தடவிப் பார்த்தாராம். அது புளியம்பட்டை இல்லை. திரும்புவதற்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்தப் பிராமண அம்மாளை ஊரே கரித்துக் கொட்டியது. முப்பிடாதி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாவம் குருடன், வழி தவறிச் செத்தான் என்று துக்கம் கேட்க வந்த ஒருவர் சொன்னபோதுதான் வாய் திறந்தாள்.

"அவிய வழி தவறல. நான் கெட்டுன வழியிலதான் போயிருக்காவ."